பத்தாங்கட்டையில் இன்னும் பழைய மணி

அம்மாவின் சிவப்பு அடையாள அட்டைக்காகப் போன பயணம் இது. ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. ஆனாலும் கோப்பெங்கிற்கு உள்ளே இருக்கும் பழைய தோட்டங்களுக்கு ஒருநாள் போய்வர நினைக்கிறவர்கள், அதிலும் அங்கே பிறந்து வெளியேறியவர்கள், பஸ் நேரம் கேட்டு என்னை அடிக்கடி நிறுத்துகிறார்கள். எழுதி வைத்துவிட்டால் எல்லாருக்கும் ஆகும். நாங்கள் போனது இந்த ஆண்டு, 1982, ஆகஸ்டு மாதத்து முதல் ஞாயிறு. அன்றுதான் பத்தாங்கட்டைத் தோட்டத்து ஜெபவீட்டில் தோத்திரப் பண்டிகை. நாலா பக்கமும் சிதறிப்போன பழைய தோட்டத்து ஜனங்கள் வருடத்தில் ஒருமுறை அங்கே திரும்புவது அந்த நாளில்தான்.

முதலில் சிவப்பு அட்டை விவகாரம். என்னிடம் குடிமக்களுக்குரிய நீல அட்டை இருக்கிறது, நான் மெர்டேக்காவுக்கு, அதாவது 1957-இல் மலாயா சுதந்திரம் பெற்றதற்கு, பிறகு பிறந்தவன். என்னைப் பெற்ற ரெபேக்கா என்கிற என் அம்மாவிடம் இருப்பது குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு. அவர் பிறந்ததும் இதே பேராக் மண்ணில், பத்தாங்கட்டையின் ஐந்தாம் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில்தான். ஜப்பான்காரன் வருவதற்கு ஏழு வருடம் முன்பு. அதற்குப் பத்திரம் இல்லை. தோட்டத்து ஏடுகள் யுத்தத்தில் போய்விட்டன. ஞானஸ்நானம் வாங்கியது பதினோரு வயதில் என்பதால் சபை ஏடும் உதவாது. இருபத்தைந்து வருடம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கையை நீட்டினால் பதிவு அலுவலகத்தில் அதைப் பிறப்புப் பத்திரமாக ஏற்றுக்கொள்ள மாட்டார்களாம். பிறந்ததை நேரில் அறிந்த, நீல அட்டை வைத்திருக்கிற ஒருவர் வந்து சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும். ஒரே ஒரு ஆள். அந்த ஆள் கிடைக்காமல்தான் அம்மா வேலை பெர்மிட் இல்லாமல் குனோங் ராபாட்டில் மூன்று வீடுகளில் துணி துவைக்கிறார்.

அந்த ஆள் யார் என்பது எங்களுக்குத் தெரியும். அம்மாவின் பெரியம்மா மகள், எஸ்தர். அம்மா பிறந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. லூமுட்டில் கல்யாணம் செய்துகொண்டு போனவர். 1973-இல் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்று, எங்களைப் போன்றவர்களை மூட்டை கட்டச் சொன்ன வருடத்தோடு அவருடைய தொடர்பும் அறுந்தது. போட்ட கடிதம் திரும்பி வந்தது. 1980-இல் நானே ஈப்போவிலிருந்து லூமுட்டுக்குப் போனேன். ஐம்பத்திரண்டு மைல், இரண்டே கால் மணி நேரம், மூன்று வெள்ளி இருபது காசு. படகுத்துறையில் ஒரு நாள் முழுக்க விசாரித்தேன். மீன்காரர்கள், டிக்கெட் விற்பவர், சாப்பாட்டுக் கடைக்காரர், யாருக்கும் தெரியவில்லை. கருவாட்டு நாற்றத்தோடு வீடு திரும்பினேன்.

அம்மாவின் வழி வேறு. அவர் ஜெபித்துக்கொண்டிருந்தார். 1970-இல் வேலை பெர்மிட் கெடுபிடி வந்து, சிவப்பு அட்டைக்காரர்கள் பலர் பெட்டியைக் கட்டிக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பலேறிய நாளில், பத்தாங்கட்டையில் ஒரு சங்கிலி ஜெபம் தொடங்கினார்கள். ஒரு நாளுக்கு இருபத்து நான்கு மணி, ஆளுக்கு ஒரு மணி, தோட்டத்தில் இருந்த சிவப்பு அட்டைக்காரர் எல்லாருக்காகவும். ஒரு மணி முடிந்ததும் அடுத்தவர் ஏற்றுக்கொள்வார். விடியற்காலை நாலு மணி அம்மாவுடையது. பெரட்டுக்கு, விடியலில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்புவதற்கு, முன்னால் எழுந்து பழகியவர் என்பதால் அதைக் கொடுத்திருக்கிறார்கள். பெரட்டு மணி போய், தோட்டம் போய், அப்பாவும் போய், குனோங் ராபாட் மலையடிவாரத்து வாடகை வீட்டுக்கு வந்த பிறகும் அம்மா அந்த நாலு மணியை விடவில்லை.

இந்த வருடம் ஜனவரி முதல் தேதி நாடு முழுக்கக் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளச் சொன்னார்களே, அன்று வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை நான் தள்ளினேன். அம்மா தன் மேசைக் கடிகாரத்தைத் தொடவிடவில்லை. அதனால் எங்கள் வீட்டில் அன்றிலிருந்து இரண்டு நேரம். என் கணக்கில் நாலரைக்கு அம்மா எழுவார், அவர் கணக்கில் அது நாலு. இதை நான் பிடிவாதம் என்று மட்டும் நினைத்திருந்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

காலை ஏழு ஐந்துக்குக் குனோங் ராபாட் பெரிய சாலையில் பஸ் ஏறினோம். கோப்பெங்கிற்கு ஆளுக்கு எண்பது காசு, முப்பத்தைந்து நிமிடம். வழியெல்லாம் ஒரு பக்கம் சுண்ணாம்பு மலை, இன்னொரு பக்கம் ஈயம் தோண்டி விட்டுப்போன குட்டைகள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். தோண்டியவன் காசோடு போய்விட்டான், குட்டை மட்டும் நமக்கு. கோப்பெங் பஸ் நிலையத்தை ஒட்டிய கடையில் ரொட்டி சானாய் இரண்டு, தே தாரே டீ இரண்டு, மொத்தம் ஒரு வெள்ளி அறுபது. உள்சாலை பஸ் எட்டேகாலுக்கு. நாளைக்கு நாலே தடவைதான் ஓடும்: எட்டேகால், பதினொன்றேகால், மூன்றேகால், ஐந்து. கட்டணம் ஐம்பது காசு. பத்தாங்கட்டைச் சந்திப்புக்கு இருபது நிமிடம். அதே பஸ் சாலை முடிவுவரை போய்த் திரும்பி, இருபத்தைந்து நிமிடம் கழித்து அதே சந்திப்பைத் தாண்டும். மைல்கற்களையெல்லாம் பிடுங்கிக் கிலோமீட்டர் கற்கள் நட்டுவிட்டார்கள், ஆனால் பத்தாவது மைலைப் பத்தாங்கட்டை என்று சொன்னால்தான் டிரைவருக்குப் புரிகிறது.

சந்திப்பிலிருந்து ஜெபவீட்டுக்கு இரண்டு மைல் செம்மண் பாதை. வண்டி கிடையாது, நாற்பது நிமிட நடை. நான் பிறந்தபோது இரண்டு பக்கமும் பால்மரம். இப்போது முக்கால்வாசி எண்ணெய் எடுக்கும் செம்பனை. புதிய முதலாளிக்கு அதில்தான் வரும்படி. ஐந்தாம் லயம் இருந்த இடத்தில் உரமூட்டை அடுக்கும் கொட்டகை நிற்கிறது. அம்மா அங்கே ஒரு நிமிடம் நின்றார். பிறந்த இடத்தைக் கண்ணால் பார்க்கிறவருக்குப் பிறந்த அத்தாட்சி இல்லை என்பது என்ன கூத்து. அம்மா செருப்பிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, "நட, நேரமாச்சு," என்றார்.

ஜெபவீடு தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. அறுபது பேர் உட்காரலாம். அதைப் பார்த்துக்கொள்பவர் சாமுவேல் அண்ணன், செம்பனைக் குலை வெட்டுகிறவர், நாற்பது வயது, வாய் ஓயாது. கதவுக்குப் பின்னால் ஒரு மணிலா அட்டை ஒட்டியிருக்கிறது, அதில் இருபத்து நான்கு கட்டங்கள். அதுதான் சங்கிலி. தொடங்கிய வருடத்தில் கட்டத்துக்கு ஒரு பெயர் இருந்ததாம். இப்போது பதினொன்று. மற்றவர்களில் சிலருக்கு நீல அட்டை கிடைத்தது, சிலர் கப்பலேறினார்கள், சிலர் செத்துப்போனார்கள். செத்தவர்களுக்கு எந்த நிறமும் தேவையில்லை. நாலாம் கட்டத்தில் அம்மாவின் பெயர். அதற்கு மேலே மூன்றாம் கட்டத்தில், மங்கிப்போன மையில், எஸ்தர்.

லூமுட்டிலிருந்து பண்டிகைக்கு வந்தபோது அந்த மணியை ஏற்றுக்கொண்டு, பிறகு ஒன்பது வருடமாக வராதவர் பெயரை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். சங்கிலியின் விதி அது என்றார் சாமுவேல் அண்ணன். விட்டுவிட்டேன் என்று ஆள் சொல்லியனுப்பாத வரைக்கும் பெயரை அழிக்கக் கூடாது. எஸ்தர் சொல்லியனுப்பவில்லை. "அவ லூமுட்ல இருந்தாலும் லண்டன்ல இருந்தாலும் மூணு மணி அவளுதுதான்லா," என்றார். நான் சிரித்தேன், கொஞ்சம் ஏளனமாகவே.

பத்து மணி ஆராதனை பத்தரைக்குத் தொடங்கியது. நம் ஆட்கள் என்றைக்கு நேரத்தை மதித்திருக்கிறார்கள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன். பிரசங்கம் ஐம்பது நிமிடம். காத்திருப்பதைப் பற்றித்தான். பிறகு ஏலம். தோத்திரப் பண்டிகையை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: வீட்டில் விளைந்தது, வளர்ந்தது, சுட்டது எதையாவது கொண்டுவந்து படைப்பார்கள். அதை ஏலம் விட்டு வருகிற காசு சபைக்கு. அம்மா ஒரு பூசணிக்காயை ஏழு வெள்ளிக்கு எடுத்தார். பாசார் சந்தையில் அது ஒன்றரை வெள்ளி பெறாது. "காய்க்கா ஏழு வெள்ளி குடுத்தேன்?" என்று என் வாயை அடைத்தார். அதை இரண்டு மைல் தூக்கப்போவது யார் என்பது இருவருக்கும் தெரியும்.

எஸ்தர் வரவில்லை. ஒவ்வொரு வருடமும் போல இந்த வருடமும் அம்மா வந்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஆட்டுக்கறிச் சோறு சாப்பிட்டோம். பெரிய பானைகளைக் கழுவ ஆள் இல்லை என்றதும் நான் கைக்கடிகாரத்தைக் கழற்றி அம்மாவின் பைக்குள் போட்டுவிட்டுக் குழாயடியில் உட்கார்ந்தேன். வேலை முடிந்து நிமிர்ந்தபோது ஜெபவீட்டுச் சுவர்க் கடிகாரம் மூன்றேகால் காட்டியது. திரும்பும் பஸ் சந்திப்பைத் தாண்டுவது நாலு மணிக்கு. நாற்பது நிமிட நடை, ஐந்து நிமிடம் மிச்சம். கணக்கு சரியாக இருந்தது. பூசணிக்காயைத் தோளில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம்.

சந்திப்புக்கு வந்து நின்று, பஸ் வராமல், அம்மாவின் பையிலிருந்து என் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். நாலு இருபத்தைந்து. பிறகுதான் உறைத்தது. பத்து மணி ஆராதனை பத்தரைக்குத் தொடங்கவில்லை. பத்துக்குத்தான் தொடங்கியது, பழைய பத்து. ஜெபவீட்டுக் கடிகாரத்தையும் யாரும் தள்ளவில்லை. வீட்டில் ஏழு மாதமாக இரண்டு நேரத்தோடு குடித்தனம் பண்ணுகிறவன், அம்மாவை அந்தப் பழக்கத்தில் வளர்த்த இடமே அதுதான் என்று யோசிக்கவில்லை. அடுத்த பஸ் ஐந்தே முக்காலுக்கு. ஒரு மணி இருபது நிமிடம், தகரக் கொட்டகை, எதிரே செம்பனை, கையில் பூசணிக்காய்.

நான் கோபக்காரன். அன்று அம்மாவிடம் பேசிய எல்லாவற்றையும் இங்கே எழுதப்போவதில்லை. உன் ஆண்டவருக்கு ஒரு நல்ல கடிகாரம் வாங்கிக் கொடுக்கலாம் என்றேன். பன்னிரண்டு வருடமாக ஒரே விஷயத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறாயே, ஆபீஸ் கிராணிகூட இரண்டு தடவை கேட்டால் ஒரு பதில் சொல்கிறான் என்றேன். அம்மா கட்டிக்கொண்டு வந்த பலகாரத்தைப் பிரித்து என் பக்கம் நகர்த்தினார்.

"மரத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு வெட்டுதான்டா தானி," என்றார். "பாலெல்லாம் இன்னைக்கே வேணும்னு ஆழமா வெட்டினா பட்டை செத்துரும். மறுநாளும் போயி அதே மரத்துல நிக்கணும். அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

"பாலுக்காவது சம்பளம் குடுத்தாங்க."

"அதையும் ஒழுங்கா குடுக்கலலா," என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அதற்கு மேல் சண்டை ஓடவில்லை.

ஐந்து இருபதுக்குக் கோப்பெங்கிலிருந்து உள்ளே போகும் பஸ் வந்து நின்றது. நாங்கள் ஏற வேண்டியது அது திரும்பி வரும்போது. அதிலிருந்து ஒரே ஒருவர் இறங்கினார். வெள்ளைச் சேலை, கையில் ஒரு துணி மூட்டை, அறுபது வயது இருக்கும். பஸ் நகர்ந்த புழுதியில் அவர் தோட்டத்துப் பாதையைப் பார்த்து நின்றார். அம்மா மெல்ல எழுந்தார். "எஸ்தரக்கா?" என்றார்.

அந்த அம்மாள் திரும்பி, கண்ணைச் சுருக்கி, நிதானமாகப் பார்த்தார். "ரெபேக்கா? நீ ஏன்டி ரோட்ல நிக்கிறே? பண்டிகை முடிஞ்சிருச்சா?"

அம்மா போய் அக்காவின் கையைப் பிடித்தார். அதை விடாமல் அழ ஆரம்பித்தார். நான் செய்ததை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. அவர் முன்னால் போய் நின்று, "பெரியம்மா, உங்க ஐசி என்ன கலர்?" என்று கேட்டேன்.

"இது உம் மவனா?" என்றார் பெரியம்மா அம்மாவிடம். "ஒரு தோத்திரம் சொல்லல, தண்ணி குடிக்கிறியான்னு கேக்கல. போலீஸ்காரன் மாதிரி நேரா ஐசி கேக்குறான்." ஆனால் மூட்டையை அவிழ்த்தார். கைக்குட்டைக்குள் பிளாஸ்டிக் உறை, அதற்குள் அட்டை. நீலம்.

கொட்டகையில் உட்கார வைத்து விசாரித்தோம். ஐம்பதுகளில் லூமுட்டுக்கு ஒரு அதிகாரி வந்து, மேசை போட்டு உட்கார்ந்து குடியுரிமைக்குப் பெயர் எழுதினாராம். பெரியம்மாவின் கணவர் இவரையும் வரிசையில் நிறுத்திவிட்டார். நீலம் கிடைத்தது. அதே வருடம் பத்தாங்கட்டையில் எங்கள் ஜனங்களுக்கு அப்படி ஒரு மேசை வந்ததை யாரும் சொல்லவில்லை. ஒரே லயத்தில் பிறந்த இருவரில் ஒருத்தி குடிமகள், ஒருத்தி அந்நியப் பெண். வித்தியாசம், ஒரு மேசை எந்த ஊரில் போடப்பட்டது என்பது மட்டும்தான்.

ஒன்பது வருடம் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன். 1973-இல் அவர் கணவருக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. மகனுக்குக் கடற்படைத் தளத்தில் சமையல் வேலை, அவர்கள் குடியிருப்பு தளத்துக்கு உள்ளே போய்விட்டது. வெளியாட்கள் போக முடியாத இடம். நான் படகுத்துறையில் எத்தனை பேரைக் கேட்டிருந்தாலும் தெரிந்திருக்காது. ஒன்பது வருடம் அந்த மனிதரைப் புரட்டி, கழுவி, ஊட்டியிருக்கிறார். கணவர் காலமாகி நாலு மாதம் ஆகிறது. அன்று மகன் வேலை முடிந்து வந்து சாப்பிட்ட பிறகு ஒரு மணி பஸ் பிடித்து, மூன்றேகாலுக்கு ஈப்போ, நாலு மணிக்கு அடுத்த பஸ், நாலு நாற்பதுக்குக் கோப்பெங். பண்டிகை முடிந்தாலும் பரவாயில்லை, காணிக்கையை வைத்துவிட்டு, அங்கேயே படுத்துக் காலையில் திரும்பலாம் என்று வந்திருக்கிறார்.

என் மூளை கணக்குப் போட்டது. நாலு மணி பஸ்ஸைப் பிடித்திருந்தால் நாங்கள் நாலு இருபதுக்குக் கோப்பெங், நாலரைக்கு வீட்டுக்குப் போகும் பஸ். அவர் வந்து இறங்கியது நாலு நாற்பதுக்கு. பத்து நிமிடத்தில் தவறியிருப்போம். நான் சபித்த சுவர்க் கடிகாரம்தான் எங்களை அந்தக் கொட்டகையில் உட்கார வைத்தது.

அம்மா பிறந்த அன்று என்ன நடந்தது என்பதற்குப் பெரியம்மாவிடம் ஏடு வேண்டியதில்லை. இவர்தான் மழையில் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடி மருத்துவச்சியைக் கூட்டிவந்தவர். உடைந்து கிடந்த ரப்பர்ப் பால் கோப்பை பாதத்தில் ஏறிவிட்டது. "இந்தா பாரு," என்று செருப்பைக் கழற்றி, இடது பாதத்து ஓரத்தில் வெள்ளையாக ஓடும் தழும்பைக் காட்டினார். "இவ பொறந்ததுக்கு எங்கிட்ட இதான்டா சர்டிபிகேட்." அம்மா குனிந்து அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்தார். நாற்பத்தெட்டு வருடமாக அவருக்கு அது தெரியாது.

ஐந்தே முக்கால் பஸ் எங்களுக்காக நின்றது. நாங்கள் ஏறவில்லை. டிரைவர் ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போனார். மூட்டையை அம்மா தூக்க, பூசணிக்காயை நான் தூக்க, மூவரும் இரண்டு மைல் திரும்பி நடந்தோம். அன்றைக்கு மூன்றாவது தடவையாக அந்தச் செம்மண் பாதை. வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டோம். வாசலில் சாமுவேல் அண்ணன், பஸ் கிடைக்கலையா மச்சான் என்று ஆரம்பித்தவர் பெரியம்மாவைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். அவர் பேச்சு நின்று நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

கடிகாரத்தைப் பற்றி அவரிடம் சண்டை போட்டேன். போட்டே ஆக வேண்டும் என்று இருந்தது. "இது ஆண்டவர் டைம்லா," என்றார். "கேஎல் டைம் வேணும்னா ஆபீஸ்ல போயி பாத்துக்க." சூரியன் அரை மணி முன்னால் வந்தால் தானும் தள்ளுவாராம்.

பெரியம்மா அதற்குள் கதவுக்குப் பின்னால் போய் அட்டையைப் பார்த்துவிட்டார். மூன்றாம் கட்டத்தில் தன் பெயர் இருப்பதை விரலால் தடவினார். ஒன்பது வருடத்தில் ஒரு நாள் தவறவில்லை என்றார். கணவரை அந்த நேரத்தில்தான் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், எப்படியும் விழித்திருப்பாராம். அப்போது சாமுவேல் அண்ணன் கேட்ட கேள்விதான் பெரிய கலகமாகிவிட்டது: எந்த மூணு? கடற்படைத் தளத்தில் எல்லாம் புதிய நேரம். பெரியம்மா ஜனவரியிலிருந்து புதிய மூன்றுக்கு எழுந்து புதிய நாலுக்கு முடித்துவிடுகிறார். அம்மா தொடங்குவது பழைய நாலு, அதாவது புதிய நாலரை. மற்றக் கட்டங்கள் எத்தனை காலியானாலும் அறுந்ததில்லை என்று நினைத்திருந்த மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் ஏழு மாதமாக அரை மணி ஓட்டை.

"ஏன்டி, அரை மணியா விட்டுட்டே?" என்றார் பெரியம்மா.

"நான் எங்க விட்டேன்? நீதான் சீக்கிரமா இறக்கி வெச்சிட்டுப் போயிட்டே," என்றார் அம்மா.

ஒன்பது வருடம் கழித்துச் சந்தித்தவர்கள் இதற்காகச் சாப்பாடு முடியும்வரை வாதாடினார்கள். கடற்படை எழும் நேரத்துக்குத்தான் தன்னால் எழ முடியும் என்று ஒருவர். பெரட்டு நேரத்தை மாற்ற முடியாது என்று மற்றவர். இருவரும் இறங்கி வரவில்லை. ஏழு வெள்ளிப் பூசணிக்காயை அன்றே குழம்பாக்கிச் சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குச் சந்திப்பில் பஸ். பத்தேகாலுக்கு ஈப்போ. எனக்கு ஆலையில் ஒரு நாள் சம்பளம் போனது, ஒன்பதரை வெள்ளி. சத்தியப் பத்திரம் எழுதுகிறவர் முன்னால் மூவரும் உட்கார்ந்தோம். இவர் பிறந்தது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டதும் பெரியம்மா செருப்பைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். நான் தடுப்பதற்குள் அந்த மனிதர் மேசைக்கு மேலே எட்டிப் பார்த்து, தலையாட்டி, எழுதினார். பதினொன்றேகாலுக்குக் கையெழுத்து. அலுவலகத்தில் கொடுத்தபோது இன்னொரு நகல் கேட்டார்கள், பிறகு காத்திருக்கச் சொன்னார்கள். இதை எழுதும் இன்று பதினோரு வாரம் ஆகிறது. பதில் வரவில்லை. மலாய் மொழி நேர்காணலுக்கு ஒரு கடிதம் மட்டும் வந்திருக்கிறது. அம்மா துணி துவைத்துக்கொண்டே தேதி, கிழமை, சுல்தான் பெயர் எல்லாம் மலாயில் சொல்லிப் பார்க்கிறார். நாற்பது வருடமாக ஈயக்காரனோடும் மீன்காரனோடும் பேசிய மலாய், அதிகாரிக்கு வணக்கம் சொல்வதில் மட்டும் தடுமாறுகிறது.

ஆலையில் ஒரு நண்பன் எல்லாம் தற்செயல் என்றான். இருக்கலாம். அந்தத் தற்செயல் வந்து இறங்கும் இடத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டுமே. பன்னிரண்டு வருடம் எழுந்து பழகாதவர் அன்று அந்தப் பண்டிகைக்கே போயிருக்க மாட்டார். நான் மட்டும் என்றால் நாலாவது வருடமே நிறுத்தியிருப்பேன். ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆண்டவருடைய வேளை வேறு, அலுவலகத்தின் தாமதம் வேறு. இரண்டையும் ஒன்றாக்கி, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று ஏழைகளிடம் பேசுகிற பிரசங்கிகளிடம் எனக்குப் பொறுமை கிடையாது. அலுவலகத்துக்கு மாதம் ஒரு கடிதம் எழுதுகிறேன், எழுதுவேன். ஆனால் பெரியம்மாவுக்காக நாங்கள் காத்திருந்த ஒன்பது வருடமும் ஒரு கட்டிலின் ஓரத்தில் அவர் தேவைப்பட்டார் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு, ஏன் அன்றே வரவில்லை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. எங்கள் ஜெபம் ஒன்றுதான் ஆண்டவர் காதில் விழுகிறது என்று நான் எண்ணியிருந்தேன்.

போகிறவர்களுக்கு: இருவருக்குப் போக வர பஸ்ஸுக்கு ஐந்து வெள்ளி இருபது காசு ஆகும். குடை, தண்ணீர் கொண்டுபோங்கள். மழை பெய்தால் செம்மண் பாதையில் செருப்பு நிற்காது, கழற்றிக் கையில் எடுங்கள். சந்திப்பில் கடை கிடையாது. ஏலத்தில் பூசணிக்காய் எடுக்காதீர்கள், முட்டை எடுங்கள். உங்கள் வீட்டில் சிவப்பு அட்டை இருந்தால், பழைய ஆட்கள் உயிரோடு இருக்கும்போதே தேடிப்பிடியுங்கள். உள்ளே யார் மணி சொன்னாலும் பழைய மணியா புதிய மணியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கைக்கடிகாரத்தைக் கழற்றாதீர்கள். கழற்றிவிட்டால், தவறிய பஸ்ஸுக்காக அம்மாவைத் திட்டாதீர்கள்.

அட்டையில் அந்த அரை மணிக்கு இடமில்லை என்று சாமுவேல் அண்ணன் மூன்றாம் கட்டத்துக்கும் நாலாம் கட்டத்துக்கும் நடுவில் இருக்கும் கோட்டின் மேலேயே என் பெயரை எழுதிவிட்டார்: தானியேல். எனக்குக் காலை ஷிப்டு, ஆறு மணிக்கு ஆலையில் இருக்க வேண்டும், எப்படியும் எழ வேண்டியவன்தான். புதிய நாலு மணியிலிருந்து நாலரை வரைக்கும். பாதி நாள் தூங்கிவழிகிறேன், மீதி நாள் அலுவலகத்தைப் பற்றி ஆண்டவரிடம் புகார் சொல்கிறேன். நாலரைக்கு அடுத்த அறையில் அம்மாவின் மேசைக் கடிகாரம் நாலு என்று அடிக்கும். அவர் எழுந்து வந்து என் தோளைத் தட்டுவார். நான் சங்கிலியை அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் பல் தேய்க்கப் போவேன்.